நெல்லையில் உங்கள் வார்டின் திறந்தவெளிகளைக் கணக்கெடுத்து வகைப்படுத்த ஒரு வழிகாட்டி

திருநெல்வேலி மாநகராட்சியில் 55 வார்டுகள். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி ஏறத்தாழ 4.7 லட்சம் பேர். ஒரு வார்டுக்குச் சராசரியாக எட்டாயிரத்து ஐந்நூறு பேர் என்று வைத்துக்கொள்ளலாம். இத்தனை பேரும் காலாற நடக்கவும், பிள்ளைகள் ஓடி விளையாடவும், வயதானவர்கள் காற்றாட உட்காரவும் எங்கே இடம் இருக்கிறது என்று கேட்டுப்பாருங்கள். "ஒரு பார்க் இருக்கு, எப்பவும் பூட்டியே கெடக்கும்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அதே வார்டில் ஒரு குளக்கரை இருக்கும், கோயில் முன்னால் திடல் இருக்கும், கால்வாய்க்கரைப் பாதை இருக்கும், மனை விற்ற காலத்தில் பூங்காவுக்கென்று விட்டுச் சீமைக்கருவேல் மண்டிப்போன மூலை ஒன்றும் இருக்கும். இவை எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்தவர்கள்தான் இல்லை.

அந்தத் தாளைத் தயாரிப்பது எப்படி என்று சொல்வதுதான் இந்தக் கட்டுரை. புதிதாகப் பொறுப்பேற்ற மாமன்ற உறுப்பினர், குடியிருப்போர் நலச் சங்கச் செயலாளர், நகரமைப்பு படிக்கும் மாணவர் ஆகிய மூவரையும் மனதில் வைத்து எழுதுகிறேன். புதுப் பூங்கா கேட்டு மனு எழுதுவதற்கு முன்னால் இருப்பதைக் கணக்கெடுத்து வகைப்படுத்துங்கள் என்பதே என் வற்புறுத்தல். ஓர் இடம் எந்த வகையில் சேர்கிறது என்பதைப் பொறுத்தே அதற்கு எந்தச் சட்டம் காவல், யார் பராமரிக்க வேண்டும், அதில் என்ன கட்டலாம், எதைக் கட்டவே கூடாது என்பதெல்லாம் முடிவாகிறது.

முதல் வேலை: நடப்பது

வார்டு எல்லை வரைபடத்தை மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் வாங்குங்கள். திருநெல்வேலி, பாளையங்கோட்டை, தச்சநல்லூர், மேலப்பாளையம் என நான்கு மண்டலங்கள். உங்கள் வார்டு எதில் வருகிறதோ அங்கே கேட்டால் போதும். அதைப் பெரிதாக அச்செடுத்துக்கொண்டு, தெருத்தெருவாக நடந்து, கட்டடம் இல்லாத ஒவ்வோர் இடத்தையும் குறியுங்கள். கைபேசி வரைபடத்தை மட்டும் நம்ப வேண்டாம். மேலிருந்து பார்த்தால் பச்சையாகத் தெரிவது ஆகாயத்தாமரை மூடிய குளமாக இருக்கலாம், தனியார் தோப்பாகவும் இருக்கலாம்.

ஒரே இடத்தை மூன்று வேளை பார்க்க வேண்டும். காலை ஆறு மணிக்கு நடைப்பயிற்சிக்காரர்கள் இருப்பார்கள். மாலை நாலரைக்குப் பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் வருவார்கள். இரவு எட்டு மணிக்கு யார் இருக்கிறார்கள், விளக்கு எரிகிறதா, ஒரு பெண் தனியாக அந்த வழியே போவாளா என்பதையும் எழுதுங்கள். மேலப்பாளையம், பேட்டை பக்கம் பீடி சுற்றும் பெண்கள் நாள் முழுக்க முறத்தை மடியில் வைத்துக் குனிந்தே இருக்கிறவர்கள். சுற்றியதைக் கடையில் ஒப்படைத்த பிறகுதான் அவர்களுக்கு முதுகு நிமிரும். ஆறு மணிக்குப் பூட்டுகிற பூங்கா அவர்களைப் பொறுத்தவரை இல்லாத பூங்காதான். இது எந்த வரைபடத்திலும் வராது, கேட்டால்தான் தெரியும்.

கேட்பதற்குச் சரியான ஆட்கள் பெட்டிக்கடைக்காரர், ஆட்டோ நிறுத்தத்து அண்ணாச்சிமார், தண்ணீர்க் குழாயடியில் நிற்கிற ஆச்சிமார். "இந்த எடம் முன்னால என்னவா இருந்துச்சு?" என்று தொடங்குங்கள். "தம்பி, பார்க்குன்னு சொல்லித்தான் மனை வித்தாவ. பெறவு ஒருத்தரும் இந்தப் பக்கம் எட்டிப் பாக்கல" என்கிற மாதிரி ஒரு வரி கிடைத்தால், அதுதான் அடுத்த வேலைக்கான நூல்முனை.

மழைக்காலத்தில் எந்த இடத்தில் தண்ணீர் நிற்கிறது என்பதையும் மறக்காமல் குறியுங்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் ஜங்ஷனும் கைலாசபுரமும் சிந்துபூந்துறையும் என்ன பாடுபட்டன என்பது ஊருக்கே தெரியும். அன்று உங்கள் தெருவில் தண்ணீர் எந்தத் திசையிலிருந்து வந்தது, எதுவரை ஏறியது, எங்கே வடிந்தது என்பதைச் சுவரில் தெரியும் கறையோடு சேர்த்துப் படம் எடுத்து வையுங்கள்.

காகிதம் தேடுவது

நடந்து குறித்த ஒவ்வோர் இடத்துக்கும் சர்வே எண் கண்டுபிடிக்க வேண்டும். அரசின் இணையச் சேவையில் பட்டா, 'அ' பதிவேடு (ஒவ்வொரு சர்வே எண்ணும் என்ன வகை நிலம் என்று சொல்லும் வருவாய்த்துறைப் பதிவேடு), புல வரைபடம் மூன்றையும் பார்க்கலாம். 'அ' பதிவேட்டில் வகைப்பாடு என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் முக்கியம். குளம், வாய்க்கால், ஆறு என்று இருந்தால் அது நீர்நிலைப் புறம்போக்கு. மேய்ச்சல், களம், நத்தம், மயானம் என்று இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனிக் கதை உண்டு.

மனைப்பிரிவுகளில் பூங்காவுக்கென்று விடப்பட்ட இடம் தனி. ஓ.எஸ்.ஆர். இடம், அதாவது திறந்தவெளி ஒதுக்கீட்டு இடம் என்று அலுவலகத்தில் சொல்வது இதைத்தான். சனங்கள் 'பார்க் இடம்' என்பார்கள். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-இன்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலைக்குப் போனது போக மீதியில் பத்து சதவீதத்தை ஒதுக்கி, பதிவு செய்த தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்கு ஒப்படைக்க வேண்டும். 3,000-க்கும் 10,000-க்கும் இடைப்பட்டதில் இடம் விடலாம், அல்லது அதன் மதிப்பைப் பணமாகக் கட்டலாம். 3,000-க்குள் என்றால் எதுவும் வேண்டாம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஐந்து ஏக்கர் மனைப்பிரிவு என்றால் 500 சென்ட். சாலைக்கு 150 சென்ட் போனால் மிச்சம் 350. அதில் 35 சென்ட் ஊர்ப்பொது.

பெருமாள்புரம், தியாகராஜ நகர், மகாராஜ நகர், கே.டி.சி. நகர் போன்ற விரிவாக்கப் பகுதிகளில் இருப்பவர்கள் தங்கள் மனைப்பிரிவின் அங்கீகார வரைபடத்தைத் தேடி எடுப்பதுதான் மொத்த வேலையிலேயே அதிகப் பலன் தருவது. வரைபடத்தில் பச்சை அடித்த கட்டம் எங்கே, தரையில் இன்று அங்கே என்ன இருக்கிறது, தானப் பத்திரம் பதிவானதா என்று மூன்று கேள்விகள். பத்திரம் பதிவாகாமல் பழைய உரிமையாளர் பெயரிலேயே கிடக்கும் இடங்கள்தான் முதலில் கை மாறும். மாநகராட்சியில் கேட்டுக் கிடைக்கவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பத்து ரூபாய் கட்டணத்தோடு மனு போடுங்கள். "என் வார்டில் தானமாகப் பெறப்பட்ட பூங்கா இடங்களின் சர்வே எண், பரப்பு, பத்திர எண், இன்றைய நிலை" என்று கேள்வியை இறுக்கமாக வையுங்கள். "பூங்காக்கள் பற்றிய விவரம்" என்று தளர்வாகக் கேட்டால் பதிலும் தளர்வாகத்தான் வரும்.

வகைப்படுத்துவது

இதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். ஒவ்வோர் இடத்துக்கும் நான்கு கட்டங்களை நிரப்பச் சொல்வேன்: அளவு, பயன், நிலத்தின் தன்மை, உரிமை.

அளவுக்கு, 2014-இல் மத்திய நகர்ப்புற வளர்ச்சி அமைச்சகம் வெளியிட்ட நகரத் திட்ட வழிகாட்டு நெறிகளில் ஓர் ஏணி இருக்கிறது. 5,000 பேருக்கு அரை ஹெக்டேரில் ஒரு குடியிருப்புப் பூங்கா, நம் கணக்கில் ஒன்றேகால் ஏக்கர். 15,000 பேருக்கு ஒரு ஹெக்டேரில் சுற்றுவட்டாரப் பூங்கா. ஒரு லட்சம் பேருக்கு ஐந்து ஹெக்டேர், அதாவது பன்னிரண்டரை ஏக்கர் அளவில் சமுதாயப் பூங்கா. ஐந்து லட்சம் பேருக்கு 25 ஹெக்டேரில், அறுபது ஏக்கருக்கு மேல், பெரும்பூங்கா. நெல்லை அளவு ஊருக்கு இந்தப் பெரும்பூங்கா ஒன்று வேண்டும்.

இந்த ஏணியை ஆளுக்கு இவ்வளவு என்று பிரித்துக் கூட்டினால், நான்கு படிகளும் சேர்ந்து ஒருவருக்கு மூன்று சதுர மீட்டர்கூட வராது. அதே நெறிகள் ஆளுக்குப் பத்து முதல் பன்னிரண்டு சதுர மீட்டர் திறந்தவெளி வேண்டும் என்கின்றன. மீதி எங்கிருந்து வரும்? ஆற்றங்கரை, வெள்ளச் சமவெளி, காலி நிலம், திடல் எல்லாவற்றையும் அந்தப் பத்துக்குள் சேர்த்துத்தான் கணக்கு. ஆளுக்குப் பத்து என்றால் நம் மாநகராட்சிக்கு 470 ஹெக்டேர், சுமார் 1,160 ஏக்கர் தேவை. அவ்வளவுக்கும் ஊஞ்சலும் சறுக்கு மரமும் வைத்துப் பூங்கா கட்ட யாராலும் முடியாது, கட்டவும் வேண்டாம். தாமிரபரணிக் கரையும் பாசனக் குளங்களும் இருக்கிற ஊருக்கு இந்தக் கணக்கு எட்டாத கணக்கு அல்ல. அவற்றைப் பட்டியலில் எழுதி, உள்ளபடியே காப்பாற்றினாலே பெரும்பகுதி நிரம்பிவிடும்.

அதனால்தான் பயனையும் நிலத்தின் தன்மையையும் தனித்தனியாக எழுதச் சொல்கிறேன். நம் ஊருக்குப் பொருந்தும் வகைகளாக நான் வைத்திருப்பவை இவை.

பூங்கா: மரமும் இருக்கையும் நடைபாதையும் உள்ள இடம். குழந்தைகளுக்கான மூன்று சென்ட் மூலையிலிருந்து பல ஏக்கர் வரை.

விளையாட்டுத் திடல்: பாளையில் வ.உ.சி. மைதானம், அண்ணா விளையாட்டரங்கம் போன்றவை. கிரிக்கெட் மட்டை வைத்திருக்கிற பையன்கள் பிடித்துக்கொண்ட தெருமுனைக் காலிமனையும் இதில் உண்டு.

ஊர்த்திடல்: திருவிழா, பொதுக்கூட்டம், பெருநாள் தொழுகை, பொருட்காட்சி நடக்கிற இடம். மேலப்பாளையம் பஜார் திடலை இங்கே எழுதுங்கள். செவ்வாய்க்கிழமை மாட்டுச்சந்தை கூடுகிற இடத்தையும் சேருங்கள். ஆண்டில் பல நாள் வெறுமையாகக் கிடப்பதுதான் திடலின் பயன். வெறுமையாக இருக்கிறதே என்று நடுவில் நீரூற்று கட்டினால் திடல் செத்துவிடும்.

தெருவாகிய திறந்தவெளி: நெல்லையப்பர் கோயிலின் ரத வீதிகள். ஆனித் தேரோட்டத்துக்கு ஊரே கூடி நிற்க இடம் கொடுக்கிற வீதியை வெறும் போக்குவரத்துச் சாலையாக மட்டும் கணக்கில் எழுதுவது தவறு.

படித்துறை: குறுக்குத்துறை, வண்ணாரப்பேட்டை, கொக்கிரகுளம், சிந்துபூந்துறை என்று ஆற்றோடு நீளும் துறைகள். குளிக்கிறவர்கள், துவைக்கிறவர்கள், திதி கொடுக்கிறவர்கள், சும்மா உட்கார வருகிறவர்கள் எல்லாருக்கும் பொதுவான இடம்.

நீர்நிலையும் கரையும்: நயினார்குளம் போன்ற பாசனக் குளங்கள், நெல்லைக் கால்வாய், பாளையங்கால்வாய், கோடகன் கால்வாய் இவற்றின் கரைகள்.

நிறுவன வளாகம்: பள்ளி, கல்லூரி மைதானங்கள், அரசு அலுவலக வளாகங்கள், கோயில் நந்தவனம், தேவாலய வளாகம், கல்லறைத் தோட்டம். பாளையங்கோட்டையில் இந்த வகை இடங்கள் நிறையவே உண்டு.

இந்த ஏழில் நீர்நிலைக்கு மட்டும் ஒரு கண்டிப்பான விதி வைத்துக்கொள்ளுங்கள்: குளத்தின் பரப்பைப் பூங்காப் பரப்போடு கூட்டக்கூடாது, தனிப் பத்தியில் எழுத வேண்டும். கூட்டிவிட்டால் "இந்த வார்டில் பூங்கா தாராளம்" என்று தாளில் தெரியும், பிள்ளைகளுக்கு ஓட ஓரடி இருக்காது. இன்னொரு ஆபத்தும் உண்டு. குளத்தைப் பூங்கா என்று எழுதத் தொடங்கிய மறுநிமிடமே உள்ளே மண் கொட்டித் தீவு அமைக்கவும், கரையைச் சுருக்கிக் கான்கிரீட் நடைபாதை போடவும் யோசனை வந்துவிடும். நம் புதிய பேருந்து நிலையம் நிற்கும் இடத்தின் பெயர் வேய்ந்தான்குளம் என்பதை நினைவில் வையுங்கள்.

குளக்கரையில் நடைபாதை போடலாம், மரம் வைக்கலாம், கரைக்கு வெளிப்பக்கம் உட்கார இடம் செய்யலாம். தண்ணீர் திறக்கும் மடையையும் மிகைநீர் வழியும் மறுகாலையும் மறைக்கக் கூடாது, அங்கே போய்வர வண்டிப்பாதை விட வேண்டும். கார், பிசானம் என்ற இரண்டு நெல் போகங்களுக்கும் தண்ணீர் போகிற வழி அது. குளத்து ஆயக்கட்டு விவசாயிகளிடமும் நீர்வளத்துறையிலும் கேட்காமல் ஒரு கல்லையும் நகர்த்த வேண்டாம். தாமிரபரணிப் பாசனக் குளங்களில் 2011 முதல் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடந்து வருகிறது. பறவைகள் அடைகிற குளமாக இருந்தால் கரையில் இரவெல்லாம் எரியும் பெருவிளக்குகளைத் தவிர்க்கச் சொல்லுங்கள்.

உரிமைக் கட்டத்தில் மாநகராட்சி, வருவாய்த்துறை, நீர்வளத்துறை, அறநிலையத்துறை, தனியார் அறக்கட்டளை என்று உள்ளதை எழுதினால் போதும். யாரிடம் மனு கொடுக்க வேண்டும் என்பது அதிலிருந்தே தெரிந்துவிடும்.

எங்கே குறை என்று பார்ப்பது

இனி வரைபடத்தில் ஒவ்வொரு பயன்படும் இடத்தைச் சுற்றியும் நடந்துபோகும் தூரத்தைக் குறியுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு ஐந்து நிமிட நடை, பெரியவர்களுக்குப் பத்து நிமிடம். காம்பஸை வைத்து வட்டம் போட்டால் ஏமாந்துபோவீர்கள். திருவனந்தபுரம் சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற பூங்கா இந்தப் பக்கத்து எட்டு வயதுப் பிள்ளைக்குக் கிடையாது. ரயில் பாதையும் கால்வாயும் அப்படியே. உண்மையில் நடந்து, மணி பார்த்துக் குறிப்பதுதான் சரி.

இதைச் செய்து முடித்தால் பெரும்பாலும் ஒரே மாதிரியான படம் வரும். மனைப்பிரிவாக வளர்ந்த விரிவாக்கப் பகுதிகளில் காகிதத்தில் இடம் இருக்கும், தரையில் பராமரிப்பு இருக்காது. டவுன், மேலப்பாளையம் போன்ற பழைய நெருக்கமான பகுதிகளில் விதிகள் வருவதற்கு முன்பே வீடுகள் எழுந்துவிட்டதால் காகிதத்திலும் இடம் இருக்காது. எனக்கு இந்த இரண்டாவது பகுதிகள்மீதுதான் அதிக அக்கறை. அங்கே அரை ஹெக்டேர் கேட்டு மனு போட்டால் பத்து வருடம் ஆனாலும் ஒன்றும் நடக்காது. மூன்று நான்கு சென்ட் மூலைகளைத் தேடுங்கள்: பயன்படாத பழைய நீர்த்தொட்டி இடம், இடிந்த மாநகராட்சிக் கட்டடம், சாலை வளைவில் மிச்சப்பட்ட முக்கோணம். மாநகராட்சிப் பள்ளி மைதானத்தை மாலை ஐந்து முதல் எட்டு வரை தெருப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடக் கேளுங்கள். காவலாளி சம்பளமும் இரண்டு விளக்கும்தான் செலவு. ஒரு புதுப் பூங்கா கட்டும் பணத்தில் பல பள்ளி மைதானங்களை வருடக்கணக்கில் திறந்து வைக்கலாம்.

இடம் கிடைத்த பிறகு

வடிவமைப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் பணம் வந்தவுடன் எல்லோரும் நேரே இதற்குத்தான் ஓடுவார்கள்.

நம் வெயிலுக்கு நிழல்தான் முதல் வசதி. கடப்பைக் கல் பதித்த முற்றமும் துருப்பிடிக்காத எஃகு இருக்கையும் பங்குனியிலிருந்து ஆவணி வரை பகலில் தொட முடியாமல் சுடும். மண் பாதை போதும். சக்கர நாற்காலிக்கும் குழந்தை வண்டிக்கும் ஒரு சீரான பாதை மட்டும் கெட்டியாக இருக்கட்டும். மரங்களில், ஆற்றையும் கால்வாயையும் ஒட்டிய வண்டலுக்கு மருதமரம் நம் ஊருக்கே உரியது. நாவலும் புங்கமும் நன்றாக வரும். பாளைக்குத் தெற்கே செம்மண்ணும் சரளையுமான மேட்டு நிலத்தில் வேம்பு, இலுப்பை, பூவரசு வையுங்கள். ஆலும் அரசும் பெரிய திடலுக்கு மட்டும். மூன்று சென்ட்டில் நட்டால் பக்கத்து வீட்டுச் சுவர் போய்விடும். சீக்கிரம் பச்சையாகத் தெரியும் என்று கோனோகார்பஸ் என்கிற அயல்நாட்டு மரத்தை நடச் சொல்கிறவர்களிடம் வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லுங்கள்.

நடுகிற காலம் புரட்டாசி. ஐப்பசி, கார்த்திகை மழையில் வேர் பிடித்துக்கொள்ளும். சுற்றுச்சூழல் தினம் என்று ஜூனில் நட்டால் ஆனி, ஆடி மாதக் காற்று கன்றை அலைக்கழித்துக் காயவைத்துவிடும். முதல் இரண்டு கோடைக்கு யார் தண்ணீர் ஊற்றுவது என்று பெயர் எழுதாமல் கன்று வாங்கவே வேண்டாம்.

கழிப்பறையும் குடிநீரும் இல்லாத பூங்காவில் பெண்களும் முதியவர்களும் அரைமணி நேரத்துக்கு மேல் இருக்க முடியாது. சாவி யாரிடம், திறக்கும் நேரம் என்ன என்பதை வாசலில் பெரிதாக எழுதச் செய்யுங்கள்.

பட்டியலைப் பேசவைப்பது

வார்டுக் குழுவும் பகுதி சபையும் கூடும்போது இந்தப் பட்டியலை மேசையில் வைத்து, தீர்மானமாகப் பதிவு செய்யக் கேளுங்கள். ஒரு நகல் மாநகராட்சி ஆணையருக்கு, ஒன்று நகர ஊரமைப்பு அலுவலகத்துக்கு. வருவாய்த்துறை இடங்கள் என்றால் திங்கட்கிழமை கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்து, ரசீது வாங்கி வையுங்கள்.

பூங்காக்களையும் விளையாட்டுத் திடல்களையும் திறந்தவெளிகளையும் காக்கவென்றே தமிழ்நாட்டில் 1959-இல் ஒரு தனிச் சட்டம் வந்திருக்கிறது. பூங்காவுக்கென்று ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்த பெங்களூரு வழக்கில், அப்படிக் கொடுத்தது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1991-இல் தீர்ப்பளித்தது. குளம், மேய்ச்சல் போன்ற ஊர்ப்பொது நிலங்களின் ஆக்கிரமிப்பை அகற்றச் சொல்லி 2011-இல் பஞ்சாப் வழக்கொன்றில் அதே நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. 'பார்க் இடத்தில்' சமுதாயக் கூடமோ நீர்த்தொட்டியோ கட்டப்போகிறோம் என்று யாராவது வந்தால், நல்ல காரியம்தானே என்று தலையாட்டாமல், அங்கீகார வரைபடத்தையும் இந்தத் தீர்ப்புகளையும் எழுத்தில் காட்டி வேறு இடம் தேடச் சொல்லுங்கள். அது கூச்சலைவிட வேகமாக வேலை செய்யும்.

பட்டியலை ஆண்டுக்கு ஒருமுறை திருத்த வேண்டும். மழை ஓய்ந்து குளங்கள் நிறைந்திருக்கும் தை மாதம் அதற்குத் தோது. தண்ணீர் எதுவரை நிற்கிறது, வேலி எங்கே நகர்ந்திருக்கிறது, நட்ட கன்றில் எத்தனை பிழைத்தது என்று பார்த்து, தேதியும் படமும் சேர்த்துப் பழைய தாளோடு தைத்து வையுங்கள். அடுத்து வரும் மாமன்ற உறுப்பினர் எந்தக் கட்சியாக இருந்தாலும் அந்தத் தாள்கட்டை அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.